கவசம் போட்ட பிரபு: 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் போர்ட்ரெய்ட்ட எப்படிப் பார்க்கறது

பழைய இங்கிலீஷ் பிரபு ஒருத்தர் பளபளன்னு இரும்புக் கவசம் போட்டு நிக்கற ஆயில் பெயிண்டிங் எங்கயாவது கண்ணுல பட்டா நம்மள்ல முக்கால்வாசிப் பேரு சொல்றது ஒண்ணுதான், "பெரிய போர்வீரனா இருந்திருப்பாரு போல". இன்னும் சில பேரு, குதிரையில ஈட்டியோட சண்டை போட்டவரு, போருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அதே கவசத்தோட ஓவியர் முன்னாடி மணிக்கணக்கா நின்னாருன்னு கதையே சொல்லிடுவாங்க. வீடியோக்கள்ல கூட இந்த மாதிரி படத்தக் காட்டி பின்னணியில வாள் சத்தம் போட்டுடறாங்க. எனக்கு இந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும், அதனாலயே இந்தப் பேச்சு உறுத்துது, ஏன்னா படத்துல நிஜமா இருக்கற விஷயம் இந்தக் கதைய விட ரொம்பப் பெருசு. ஓவியம் பத்தி எதுவுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி, ஒரே ஒரு ஆள நடுவுல வெச்சு சொல்லிப் பார்க்கறேன்.

ஆளு யாரு

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியம்னு ஒண்ணு இருக்கு. அங்க டச்சு ரூம்னு சொல்ற அறையில ஒரு படம் தொங்குது. தாமஸ் ஹோவர்ட், ஆரண்டெல் ஏர்ல். ஏர்ல்னா இங்கிலாந்து பிரபுக்கள் வரிசையில டியூக், மார்க்விஸ் ரெண்டுக்கும் அடுத்தபடியா வர்ற பட்டம். வரைஞ்சவரு பீட்டர் பால் ரூபென்ஸ், இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற பக்கத்து ஓவியர், 1629-30ல. கருத்த இரும்புக் கவசம், கையில ஒரு கோல், தாடி வெச்ச நீள முகம், பார்வை நம்ம மேல. படத்த மட்டும் பார்த்தா இவரு பத்து யுத்தம் ஜெயிச்ச தளபதின்னு சத்தியம் பண்ணலாம்.

ஆனா அந்தப் படம் வரைஞ்ச வருஷம் வரைக்கும் இவரு எந்தப் படைக்கும் தலைமை தாங்குனதில்ல. இவரோட நிஜ வாழ்க்கை வேற. சிலை, ஓவியம், கையெழுத்துப் பிரதின்னு தேடித் தேடிச் சேர்த்த மனுஷன், இங்கிலாந்துல கலைப்பொருள் சேகரிப்புன்னு பேச்செடுத்தா முதல் வரிசையில வர்ற பேரு. கிரேக்க, ரோமச் சிலைகளக் கப்பல்ல வரவழைச்சு லண்டன்ல தேம்ஸ் ஆத்தங்கரை மாளிகையில வெச்சிருந்தாரு, அதுல ஒரு பகுதி இன்னைக்கும் ஆக்ஸ்ஃபோர்ட்ல ஆஷ்மோலியன் மியூசியத்துல ஆரண்டெல் மார்பிள்ஸ்ங்கற பேர்ல இருக்கு. ரூபென்ஸ் படத்துக்குப் பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி டேனியல் மைட்டன்ஸ்னு ஒரு ஓவியர் இதே ஆளை வரைஞ்சாரு, அதுல கவசமும் இல்ல ஒண்ணும் இல்ல, கறுப்பு உடுப்புல நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு ஒரு குச்சியால தன் சிலை வரிசையக் காட்டிக்கிட்டு இருப்பாரு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, முகம் ஒண்ணுதான், ஆனா ஒண்ணுல இருக்கறவரு தன் வீட்டுப் பொக்கிஷத்தக் காட்டறாரு, இன்னொண்ணுல இருக்கறவரு வேற எதையோ நம்மகிட்ட கேக்கறாரு.

அப்போ கவசம் எதுக்கு

இங்க குடும்பக் கதை தெரியணும். ஹோவர்ட் குடும்பம் இங்கிலாந்துலயே உச்சத்துல இருந்த குடும்பம். 1513ல ஃப்ளாடன்ங்கற இடத்துல ஸ்காட்லாந்து படையத் தோக்கடிச்ச தளபதி இவரோட முன்னோர் தான், அதுக்குப் பரிசா அடுத்த வருஷம் நார்ஃபோக் டியூக் பட்டம் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைச்சது. அதுக்கப்புறம் வரிசையா அடி. கொள்ளுத்தாத்தா, நல்ல கவிஞர், 1547ல தலை வெட்டப்பட்டாரு. தாத்தா நார்ஃபோக் டியூக்கா இருந்தவரு, 1572ல அவருக்கும் அதே கதி, டியூக் பட்டமும் போச்சு. அப்பா ஃபிலிப் கத்தோலிக்க மதத்துல சேர்ந்ததுக்காக லண்டன் டவர் சிறையில பத்து வருஷம் கிடந்து 1595ல உள்ளயே செத்துப் போனாரு, பையன் பிறந்ததுல இருந்து ஒரு தடவை கூட அவன் முகத்தப் பார்க்கல. ஆரண்டெல் ஏர்ல் பட்டம் மட்டும் 1604ல ராஜா ஜேம்ஸ் தயவால மகனுக்குத் திரும்பி வந்துச்சு. டியூக் பட்டம் வரவே இல்ல. அத மீட்டுடணும்னு வாழ்நாள் பூரா போராடினாரு இவரு.

இப்போ கவசத்தப் பாருங்க. நாங்க ராஜாவுக்காகப் போர்க்களத்துல ஜெயிச்ச குடும்பம், எங்க ரத்தத்துல தளபதி இருக்கான், எங்க இடம் எங்களுக்கு வேணும்னு அந்த இரும்பு சொல்லுது. கையில இருக்கற கோலும் அதே மாதிரி. தளபதி கையில பிடிக்கற குட்டையான கோலுக்கு பேட்டன்னு பேரு, உத்தரவு போடற அதிகாரத்துக்கான அடையாளம். ஆரண்டெல் 1621ல இருந்து ஏர்ல் மார்ஷல்ங்கற பதவியில இருந்தாரு, அந்தப் பதவிக்கும் கோல் உண்டு. ஆதியில அது ராணுவப் பதவி, ஆனா இவரு காலத்துல முடிசூட்டு விழா, பிரபுக்களோட குலச்சின்னம், யாருக்கு எந்த மரியாதைங்கற வழக்கு, இதையெல்லாம் பார்த்துக்கற வேலை.

கவசம் போட்டு வரைஞ்சுக்கறது ஆரண்டெல் கண்டுபிடிச்ச யோசனையும் இல்ல. 1547ல ஜெர்மனியில மூல்பெர்க் யுத்தத்துல பேரரசர் அஞ்சாம் சார்லஸ் ஜெயிச்சாரு, அடுத்த வருஷம் இத்தாலிய ஓவியர் டிஷியன் அவரக் குதிரை மேல கவசத்தோட வரைஞ்சாரு, அந்தக் கவசம் இன்னைக்கும் மாட்ரிட் அரண்மனை ஆயுதசாலையில இருக்கு. அதாவது அங்க கவசமும் நிஜம், யுத்தமும் நிஜம். அந்தப் படமும் டிஷியன் வரைஞ்ச மத்த கவசப் படங்களும் அவ்வளவு பேர் வாங்கிடுச்சு, அதுக்கப்புறம் ஐரோப்பாவுல அதிகாரம்னா இப்படித்தான் தெரியணும்னு ஒரு முறை உருவாயிடுச்சு. ரூபென்ஸ் லண்டனுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1628-29ல, மாட்ரிட்ல உட்கார்ந்து ஸ்பெயின் ராஜாகிட்ட இருந்த டிஷியன் படங்கள விழுந்து விழுந்து காப்பி பண்ணிக்கிட்டு இருந்தாரு. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள வந்த ஆளுதான் ஆரண்டெல்.

இதுவரைக்கும் சொன்னதச் சுருக்கமா சொன்னா: படத்துல இருக்கற கவசம் அவரு நேத்து என்ன உடுத்தினாருங்கறதுக்கு சாட்சி கிடையாது. குடும்பம், பதவி, உரிமை, இந்த மூணையும் ஒரே பார்வையில சொல்ற ஒரு மொழி அது, அத அன்னைக்குப் பார்த்தவங்க எல்லாருக்கும் படிக்கத் தெரிஞ்சிருந்துச்சு.

இதுல ஒரு பின்கதை இருக்கு. பத்து வருஷம் கழிச்சு, 1639ல, ஸ்காட்லாந்து மேல படையெடுக்க ராஜா முதலாம் சார்லஸ் முடிவு பண்ணி ஆரண்டெலயே தளபதியாக்கிட்டாரு. பெருசா எந்த மோதலும் நடக்காம பெர்விக்ல உடன்படிக்கை போட்டுத் திரும்பிட்டாங்க. அந்தக் காலத்து அரசியல்வாதி கிளாரெண்டன் இவரப் பத்தி எழுதறப்போ, தோற்றத்தையும் மிடுக்கையும் தவிர இவர்கிட்ட போர்க்குணம்னு எதுவும் இல்லன்னு போட்டாரு. கொடுமையான வார்த்தைதான், ஆனா படம் எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்குன்னு அதுலயே தெரியுது.

நிஜக் கவசம் அப்போ என்ன நிலைமையில இருந்துச்சு

"கவசம்னாலே மத்தியகாலம், 1600கள்ல அதெல்லாம் வெறும் வேஷம்" இப்படிச் சொல்றதும் சரியில்ல. தலையில இருந்து முழங்கால் வரைக்கும் கவசம் போட்ட குதிரை வீரன் அப்பவும் இருந்தான், அவனுக்கு க்யூராசியர்னு பேரு. முழங்காலுக்குக் கீழ தோல் பூட்ஸ். துப்பாக்கி வந்ததுக்கப்புறம் தோட்டாவ நிறுத்தணும்னா தகடு தடியா இருக்கணும், தடியானா வெயிட் ஏறும், அதான் சிக்கல். செஞ்சு முடிச்ச மார்புத்தகட்டு மேல கொல்லனே துப்பாக்கியால சுட்டுப் பார்ப்பாரு, ஓட்டை விழாம குழி மட்டும் விழுந்தா அதுதான் தரச்சான்று, அந்தக் குழியோடயே வித்துடுவாங்க.

1642ல ராஜா சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் வெடிச்சது. அந்த வருஷம் எட்ஜ்ஹில் சண்டையில பார்லிமெண்ட் அணியில இருந்த எட்மண்ட் லட்லோங்கறவரு குதிரைய விட்டு இறங்கிட்டு, போட்டிருந்த க்யூராசியர் கவசத்தோட மறுபடி ஏறறதுக்குள்ள படாத பாடு பட்டத அவரே எழுதி வெச்சிருக்காரு. அடுத்த வருஷம் ரவுண்ட்வே டவுன் சண்டையில ஆர்தர் ஹேசல்ரிக்ங்கற பார்லிமெண்ட் தளபதிய ராஜா பக்கத்து ஆள் ஒருத்தர் துரத்திப் பிடிச்சு பிஸ்டலக் கிட்டத்துல வெச்சே சுட்டாரு, ஒண்ணும் ஆகல, கவசம் தாங்கிடுச்சு. ஓடு மாதிரி கவசம் மூடியிருந்ததால அவரோட படைக்கு அப்போ சிங்கி இறால்னு பட்டப்பேரு. சோறு தண்ணியும் கூட இருந்திருந்தா அந்தாளு ஒரு முற்றுகையவே சமாளிச்சிருப்பாருன்னு ராஜா சார்லஸ் சொன்னதா ஒரு பேச்சு உண்டு. ஆக கவசம் உதவுச்சு, ஆனா விலை அதிகம், வெயிட் அதிகம், பெரும்பாலான குதிரைப்படை தடிமனான தோல் கோட்டும், மார்புக்கும் முதுகுக்கும் ரெண்டு தகடும், ஒரு தலைக்கவசமும் போதும்னு மாறிடுச்சு. முழுக்கவசம் களத்துல அரிதாக அரிதாகப் படத்துல அதோட கௌரவம் ஏறிக்கிட்டே போச்சு, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப சுவாரஸ்யமான இடம் இதுதான்.

அந்தப் பளபளப்பு எங்க இருந்து வருது

இரும்ப வரையறதுக்கு சில்வர் கலர் பெயிண்ட் ஏதோ இருக்கும்னு நிறைய பேரு நினைக்கறாங்க. அப்படி எதுவும் கிடையாது. உங்க வீட்டு எவர்சில்வர் சொம்ப ஜன்னல் பக்கத்துல வெச்சு ஒரு கண்ண மூடிக்கிட்டு உத்துப் பாருங்க. அதுக்குன்னு ஒரு நிறமே இருக்காது. ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடா வளைஞ்சு தெரியும், அதுக்கு ஒட்டினாப்புல சட்டுனு கருப்பு, கீழ மேசையோட பழுப்பு, ஓரத்துல உங்க சட்டை நிறம். சொம்புன்னு நாம பார்க்கறது சுத்தி இருக்கறதோட நெளிஞ்ச பிம்பத்ததான். மண்பானையில வெளிச்சம் மெதுவா மங்கிக்கிட்டே போகும், உலோகத்துல அப்படி இல்ல, வெளுப்பும் கருப்பும் இடைவெளியே விடாம முட்டிக்கும். அந்த முட்டல்தான் நம்ம மூளைக்கு "இது உலோகம்"னு சொல்லுது.

ஓவியர் பண்றது இதத்தான். முதல்ல துணிக்கு மேல ஒரு அடிப்பூச்சு, இதுக்கு கிரவுண்ட்னு பேரு, பெரும்பாலும் சாம்பலோ பழுப்போ. அதுக்கு மேல கவசம் வர்ற இடம் முழுக்க ஒரு இருட்டு நிறம், எலும்பையோ மரக்கட்டையையோ எரிச்ச கருப்பும் கொஞ்சம் வெள்ளையும் கலந்தது. கரிக் கருப்புல வெள்ளை சேர்ந்தா லேசா நீலம் ஓடுன மாதிரி ஒரு குளிர்ச்சி வரும், இரும்புக்கு அது அப்படியே பொருந்தும். அடுத்து பிம்பங்கள். பக்கத்துல சிவப்புத் திரை இருந்தா முழங்கைத் தகட்டோட அடிப்பக்கம் ஒரு மங்கலான சிவப்பு. கன்னத்துக்குக் கீழ கழுத்துத் தகட்டுல லேசா தோல் நிறம். கடைசியா ஈய வெள்ளைய, அதாவது ஈயத்துல இருந்து எடுக்கற கெட்டியான வெள்ளை நிறத்த, பிரஷ்ல நிறைய எடுத்து, தோள்தகடு வளையற இடத்துல ஒரே இழுப்பு. அந்த இடத்துல பெயிண்ட் மேடா தடவித் தெரியற அளவுக்கு நிக்கும், இப்படித் தடியா வைக்கறதுக்குப் பேரு இம்பாஸ்டோ. கிட்டப் போய்ப் பார்த்தா வெறும் வெள்ளைத் தீத்தல், ஆறடி தள்ளி நின்னா ஜன்னல் வெளிச்சம்.

இது ஆயில் பெயிண்ட்லதான் இவ்வளவு சுலபமா வரும், காரணம் எண்ணெய். நிறப்பொடியக் குழைக்கறது ஆளிவிதை எண்ணெய்ல. தண்ணி மாதிரி இது ஆவியாகி உலராது, காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து எண்ணெயோட மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு மெல்ல ஒரு கெட்டிப் படலமா மாறும், அதுக்கு நாள் கணக்காகும். அதனால ஈரமா இருக்கறப்பவே கருப்பையும் சாம்பலையும் ஓரத்துல லேசா இழைக்கலாம், காஞ்சதுக்கப்புறம் எண்ணெய் அதிகமா, நிறம் கம்மியா இருக்கற மெல்லிசான பூச்சு ஒண்ணு மேல போடலாம். அந்தக் கண்ணாடி மாதிரிப் பூச்சுக்கு கிளேஸ்னு பேரு. வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து கீழ இருக்கற அடுக்குல பட்டுத் திரும்பி வரும், அதுனாலதான் அந்தக் கருப்பு செத்த கருப்பா இல்லாம ஆழமா தெரியுது.

அதாவது இரும்புன்னு ஒரு நிறம் இல்ல, கருப்பு, சாம்பல், பக்கத்துப் பொருளோட நிறம், ஓரிரண்டு வெள்ளைக் கீத்து, அவ்வளவுதான். பழைய படங்கள்ல கவசம் பழுப்பாவோ பச்சையாவோ தெரிஞ்சா பெரும்பாலும் மேல பூசுன வார்னிஷ், அதாவது பாதுகாப்புக்குப் போடற பிசின் பூச்சு, வருஷக்கணக்கா மஞ்சளானதுதான் காரணம்.

எல்லாத்தையும் ஒரே ஆளா வரைஞ்சாரு?

ரூபென்ஸ் சில மாசத்துல லண்டன விட்டுக் கிளம்பிட்டாரு. முன்னாடி அவர்கிட்ட வேலை பார்த்த அந்தோனி வான் டைக் 1632ல வந்து சேர்ந்தாரு, ராஜாவோட தலைமை ஓவியர் ஆனாரு, 1641ல சாகற வரைக்கும் இங்கிலாந்து பிரபுக்கள் முகத்தையெல்லாம் இவருதான் நமக்கு விட்டுட்டுப் போனாரு. ஆரண்டெலையும் 1635 வாக்குல கவசத்தோட, பக்கத்துல பேரன நிறுத்தி வரைஞ்சிருக்காரு, அப்பவும் அவரு தளபதி ஆகல.

வான் டைக் வேலை செஞ்ச முறை பத்தி ஜாபாக்ங்கற பேங்கர் சொன்ன தகவல் இருக்கு, இவரே வான் டைக் கிட்ட மூணு தடவை போர்ட்ரெய்ட் பண்ணிக்கிட்டவரு. ஒருத்தருக்கு ஒரு சமயத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல கிடையாது. மணி ஆச்சுன்னா எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டு அடுத்த நாள் எப்போன்னு பேசி அனுப்பிடுவாரு, வேலைக்காரர் பிரஷ்ஷக் கழுவி வேற பேலட், அதாவது நிறம் கலக்கற பலகை, கொண்டு வருவாரு, அடுத்த ஆளு உள்ள. முகம் ஓரளவு வந்ததும், சாம்பல் நிறக் காகிதத்துல கருப்பு வெள்ளை சாக்கால உடம்பையும் உடுப்பையும் கால் மணி நேரத்துல கோட்டோவியமா போட்டு உதவியாளர்கள்கிட்ட கொடுத்துடுவாரு. அவங்க, அந்தப் பிரபு அனுப்பி வெச்ச உடுப்பப் பார்த்து வரைவாங்க. கைகளுக்கு மாடலா இருக்கத் தனியா சம்பளத்துக்கு ஆள் வெச்சிருந்தாரு. கடைசியா வான் டைக் வந்து மேல கை வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா இழைப்பாரு.

அதனால "கவசத்தோட மணிக்கணக்கா நின்னாரு"ங்கறத விட்டுடலாம். 30 கிலோ பக்கம் வர்ற இரும்ப ஒரு ஸ்டாண்டுல மாட்டி வெச்சு வரையலாம், அந்தப் பிரபு அதுக்குள்ள இருக்கணும்னு அவசியமே இல்ல. இத ஏமாத்து வேலைன்னு நினைக்காதீங்க, அன்னைக்கு ஓவியக்கூடம்னாலே இப்படித்தான், வாங்கறவங்களுக்கும் இது தெரியும். முகத்துல மாஸ்டர் கை இருக்கான்னுதான் பார்ப்பாங்க.

காப்பியும் எதிரிகளும்

ஒரு பிரபு படம் நல்லா வந்துட்டா சொந்தக்காரங்க, நண்பர்கள், கட்சிக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு வேணும். ராஜாவோட வலதுகையா அயர்லாந்த ஆண்ட ஸ்ட்ராஃபோர்ட் ஏர்ல் தாமஸ் வெண்ட்வொர்த், வான் டைக் கையால கவசத்தோட வரைஞ்சுக்கிட்டவரு, பார்லிமெண்ட் முடிவால 1641 மே 12ஆம் தேதி லண்டன் டவர் ஹில்ல தலை வெட்டப்பட்டாரு. ராஜா கட்சிக்காரங்களுக்கு அவரு தியாகி, அதனால அந்த முகத்துக்குக் காப்பி மேல காப்பி. இன்னைக்குப் பல பழைய மாளிகைகள்ல தொங்கற கவசப் பிரபுக்கள் இப்படிப் பிறந்தவங்கதான்.

ராஜாவக் கவுத்த பக்கமும் இதே பாஷையத்தான் பேசுச்சு. 1649 வாக்குல ராபர்ட் வாக்கர் வரைஞ்ச, பார்லிமெண்ட் தளபதி ஆலிவர் குரோம்வெல்லோட படம் லண்டன் தேசிய போர்ட்ரெய்ட் கேலரியில இருக்கு. கருப்புக் கவசம், கையில பேட்டன், ஒரு சின்னப் பையன் இடுப்புத்துணியக் கட்டி விடறான். நிக்கற தோரணை வான் டைக் கிட்ட இருந்து அப்படியே எடுத்தது. ராஜாவோட ஓவியர் செஞ்சு வெச்ச அதே மிடுக்கு, ராஜா தலைய எடுத்தவரு மேல. குரோம்வெல் நிஜமாவே குதிரைப்படைய நடத்தி ஜெயிச்சவரு, ஆரண்டெல் அப்படி இல்ல, ஆனா ரெண்டு படத்தையும் மட்டும் பார்த்து இத உங்களால கண்டுபிடிக்கவே முடியாது.

படத்துக்கு முன்னாடி நிக்கறப்போ

முதல்ல வருஷத்தப் பாருங்க, அப்புறம் அந்த வருஷம் அந்தாளு என்ன பதவியில இருந்தாருன்னு தேடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் பாதிக் கதை கிடக்கும். அடுத்து பேருக்குப் பக்கத்துல எப்படிப் போட்டிருக்காங்கன்னு கவனிங்க. வெறும் வான் டைக்னு இருந்தா முக்கியமான பகுதியெல்லாம் அவரு கைன்னு மியூசியம் நம்புது. வான் டைக் ஸ்டுடியோன்னு இருந்தா அவரு கூடத்துல, அவரு கண்ணு முன்னாடி உதவியாளர்கள் செஞ்சது. வான் டைக்கைப் பின்பற்றின்னு இருந்தா வேற யாரோ, சில சமயம் நூறு வருஷம் கழிச்சுக் கூட, பார்த்துப் போட்டது. காப்பிய அடையாளம் காண கவசமே உதவி பண்ணும். காப்பி எடுத்தவருக்கு முன்னாடி இரும்பு இல்ல, இரும்போட படம்தான் இருந்துச்சு, அதனால வெள்ளைக் கீத்து எல்லாம் ஒரே தடிமன்ல, பயந்து பயந்து வெச்ச மாதிரி இருக்கும், பக்கத்துத் துணியோட நிறம் தகட்டுல ஏறியிருக்காது.

ஆரண்டெல் படத்த கார்ட்னர் மியூசியம் இணையதளத்துல பெருசாக்கிப் பார்க்கலாம். 1990 மார்ச் 18ஆம் தேதி ராத்திரி போலீஸ் உடையில வந்த திருடங்க அதே டச்சு ரூம்ல இருந்துதான் ரெம்ப்ரண்டோட கடல் புயல் படத்தையும் வெர்மீரோட கான்சர்ட் படத்தையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க, இன்னும் கிடைக்கல. ரூபென்ஸ் வரைஞ்ச ஏர்ல அவங்க தொடல. தோள்ல இருந்து ஆரம்பிங்க, வெள்ளை எங்க முடிஞ்சு கருப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்துக்கிட்டே கை வழியா கீழ பேட்டன் வரைக்கும் வாங்க, முகத்துக்குக் கடைசியா போங்க.